எட்டு என்று சொன்னது யார்?

மார்ச் 4

ரயில் அக்காவுக்கு,

அக்கா என்று குத்திய பிறகுதான் இனி அப்படிக் கூப்பிட எனக்கு விருப்பமில்லை என்பது நினைவுக்கு வந்தது. குத்திய புள்ளியை நகத்தால் தேய்த்து அழிக்கலாம். அந்தச் சிரமத்துக்குக்கூட அந்த வார்த்தைக்கு இப்போது தகுதியில்லை. கிடக்கட்டும்.

இதை ஏன் பிரெய்லில் எழுதுகிறேன் தெரியுமா? மையால் எழுதினால் உங்கள் தம்பி மனைவிதான் படித்துக் காட்டுவாள். நான் உங்களைத் திட்டுவதை மூன்றாம் ஆள் கேட்க வேண்டியதில்லை. நான் குத்துகிறேன், நீங்கள் தடவுங்கள். பதினோரு வருஷம் நமக்கு நடுவில் யாரும் இருந்ததில்லை, இப்போதும் வேண்டாம்.

எனக்கு வேலை போய்ப் பத்து நாள் ஆகிறது. மேல்முறையீட்டுக்கு எழுதி வைத்திருப்பதையே உங்களுக்கும் எழுதுகிறேன். பின்னால் தெரியாது என்று நீங்கள் சொல்லக்கூடாது பாருங்கள்.

நம் அச்சகத்தில் பார்வையில்லாத பிள்ளைகளுக்கான பாடப்புத்தகமும் தேர்வுத்தாளும் அச்சாகின்றன. தகட்டில் புள்ளி அடித்ததும் ஒரு படி எடுத்து நம் மேஜைக்கு அனுப்புவார்கள். நீங்கள் விரலால் தடவிச் சத்தமாகப் படிப்பீர்கள். நான் எதிரில் உட்கார்ந்து, மை அச்சில் இருக்கும் மூலத்தைப் பார்த்து டிக் போடுவேன். இரண்டும் ஒத்துப்போனால் கடைசியில் நான் கையெழுத்துப் போடுவேன். பார்வையுள்ளவர்தான் போட வேண்டும் என்பது விதி.

கணக்குத் தேர்வுத்தாள், கேள்வி பதினான்கு. செங்கோண முக்கோணம், கர்ணம் பதினேழு, ஒரு பக்கம் எட்டு, மற்றப் பக்கம் என்ன? எட்டுக்கு உரிய மூன்று புள்ளிகளில் ஒன்று தகட்டில் விழவில்லை. எட்டு ஐந்தாகிவிட்டது. முப்பத்தொரு பிள்ளைகள் அந்த ஐந்தோடு முட்டி மோதியிருக்கிறார்கள். ஒரு பெண் மீதிக் கேள்விகளை எல்லாம் விட்டுவிட்டு அதிலேயே உட்கார்ந்திருந்தாளாம். தன் விரல்தான் தப்பாகப் படிக்கிறது என்று நினைத்துத் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

விசாரணையில் மேலாளர் உங்களைத்தான் கேட்டார். நான் இரண்டடி தள்ளி நின்றேன். "நான் அஞ்சுன்னுதான் படிச்சேன். அவ கவனிக்காம டிக் போட்டிருப்பா" என்றீர்கள். குரல் துளிகூட நடுங்கவில்லை.

நீங்கள் எட்டு என்றுதான் படித்தீர்கள். என் காதில் இன்னும் இருக்கிறது. தாளில் ஐந்து இருக்கும்போது உங்கள் வாயில் எட்டு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி மேல்முறையீட்டு விசாரணை. என் பணிப் பதிவில் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறார்கள். சரிபார்க்கிறவளுக்கு அந்த ஒரு சொல் போதும், எந்த அச்சகமும் வாசலோடு அனுப்பிவிடும். அந்தச் சொல்லை நீக்க உங்கள் ஒருவரால்தான் முடியும். நேரில் வந்து உண்மையைச் சொல்லுங்கள். கெஞ்சுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

முள்
(இந்தப் பட்டப்பெயரை வைத்ததும் நீங்கள்தான். ரயில் வேகத்தில் படிக்கிறீர்கள் என்று உங்களுக்கு ரயில் என்று வைத்தது நான்)


மார்ச் 13

முள்ளுக்கு,

கடிதம் வந்தது. ஏழு தாள் குத்தியிருக்கிறாய். விஷயம் அரைத் தாள்தான்.

தாளில் இருந்தது ஐந்து. நான் படித்தது ஐந்து. இருப்பதைப் படிப்பது என் வேலை, மூலத்தில் வேறு இருக்கிறதா என்று பார்ப்பது உன் வேலை. உன் வேலையை நீ செய்யவில்லை என்றால் அதற்கு என் வாயைத் தோண்டாதே. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

கையெழுத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். நல்லது, நானும் எழுதுகிறேன். பதினோரு வருஷமாக நான் தடவிப் படித்த ஒவ்வொரு புத்தகத்தின் கடைசியிலும் உன் பெயர் இருக்கிறது. பிழையில்லாத அச்சகம் என்று பாராட்டுப் பத்திரம் வந்ததே, மேடை ஏறி வாங்கியது யார்? நான் கீழே உட்கார்ந்து கை தட்டினேன். திரும்பி வந்து அந்தச் சட்டத்தை என் மடியில் வைத்து, "தடவிப் பாருங்கக்கா" என்றாய். கண்ணாடி போட்ட சட்டம். அதில் தடவ என்ன இருந்தது? பாராட்டு வந்தபோது கையெழுத்துப் போட்டவள் பெரியவள். பழி வந்ததும் படித்தவள்தான் எல்லாமா?

இன்னொன்று. நீ என் உடம்பைப் பற்றிப் பேசிக்கொண்டு திரிவதாகத் தகடு அடிப்பவர் சொன்னார். எனக்கு லூபஸ் என்பது ஆறு வருஷமாக எல்லோருக்கும் தெரிந்ததுதான். நோயை எதிர்க்க வேண்டிய சக்தியே உடம்பைத் தின்கிற நோய், வேலியே பயிரை மேய்கிறது. கன்னத்தில் சிவப்புத் தடிப்பு, மூட்டில் வலி, வெயில் பட்டால் காய்ச்சல். இதையெல்லாம் வைத்துக்கொண்டு ஒரு நாள்கூட லீவு போடாமல் உன் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். விரலுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. என் விரல் நன்றாக இருக்கிறது.

ஒன்பதாம் தேதி எனக்கு வேறு வேலை இருக்கிறது.

ரயில்


மார்ச் 19

ரயில் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தின் மூன்றாம் தாளில் ஒரு வரியின் மேலேயே இன்னொரு வரியை அடித்திருக்கிறீர்கள். பிரெய்ல் தட்டும் மெஷினில் தாளைத் தள்ள மறந்துவிட்டீர்கள். யாருக்கும் நடக்கும். ஆனால் ஒரு காற்புள்ளி தப்பினால்கூட அரை நாள் அச்சை நிறுத்தி வைக்கிற நீங்கள், எனக்கு அனுப்பும் கடிதத்தை, அதுவும் சண்டைக் கடிதத்தை, ஒரு தடவை தடவிப் பார்க்காமலா அனுப்பியிருப்பீர்கள்? பார்த்திருப்பீர்கள். தெரிந்திருக்காது.

உங்கள் விரல் நன்றாக இல்லை. இதை நான் இப்போது கண்டுபிடிக்கவில்லை.

போன ஆகஸ்டு. புவியியல் புத்தகம். நீங்கள் தாளைத் திருப்பியபோது இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு சேர்ந்து திரும்பிவிட்டன. உங்கள் கையின் கீழே இருந்தது எரிமலைப் பாடம். நீங்கள் படித்தது நதிகள். மூலத்தில் அடுத்து வர வேண்டியது நதிகள்தான், ஒரு சொல் பிசகாமல் படித்தீர்கள். விரல்கள் எரிமலையின் மேல் வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தன, வாய் நதியைச் சொல்லிக்கொண்டிருந்தது.

பழைய பதிப்பு இவருக்கு மனப்பாடம், கைதான் தூங்குகிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு உங்கள் கையையே பார்க்க ஆரம்பித்தேன். தாளைச் சேர்த்த கம்பி குத்தி ரத்தம் வந்ததுகூடத் தெரியாமல் பக்கம் முழுக்கச் சிவப்புப் பொட்டு வைத்தபடி படித்தீர்கள். அந்தத் தாளை நான் மாற்றி வைத்தேன். ஒரு நாள் செருப்பு கழன்று கழிப்பறை வாசலில் கிடந்தது. நீங்கள் ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் இல்லாமலும் வராந்தா முழுக்க நடந்து வந்து உட்கார்ந்தீர்கள். நான்தான் போய் எடுத்து வந்தேன்.

சரி, பாடப்புத்தகம் மனப்பாடம். தேர்வுத்தாள்? அது முத்திரை உடைத்து நம் மேஜைக்கு வந்த காகிதம். அதற்கு முன் அதை நீங்கள் தொட்டதே இல்லை. அதை எப்படிப் படித்தீர்கள்? இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். கூடத்துக் கோணலைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது.

முள்


மருத்துவமனை, மார்ச் 27

முள்ளுக்கு,

உனக்குச் சந்தோஷமான செய்தி. ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன். இருபத்தோராம் தேதி காலையில் படுக்கையிலிருந்து இறங்கியபோது வலது பாதம் தூக்க வரவில்லை, ஈரத்துணி மாதிரி தொங்கியது. விழுந்தேன். மெஷினைத் தம்பி மனைவி கொண்டுவந்து கொடுத்தாள். இதன் சத்தத்துக்குப் பக்கத்துப் படுக்கை அம்மாள், "இங்க வந்துமா தைக்கறீங்க?" என்கிறார்.

ஊசியால் குத்தினார்கள், தெரியவில்லை. தட்டினால் அதிர்கிற இசைக் கவையைக் கணுக்காலில் வைத்தார்கள், தெரியவில்லை. கம்பி ஒட்டி மின்சாரம் விட்டார்கள், அது ஒரு கையில் தெரிந்தது, மற்றதில் தெரியவில்லை. நரம்பிலிருந்து ஒரு துணுக்கு வெட்டி எடுத்தார்கள். டாக்டரம்மா கட்டிலில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். "நரம்புக்கு ரத்தம் கொண்டுபோற சின்னச் சின்னக் குழாய் இருக்கும்மா. உங்க லூபஸ் அதைத் தாக்கி அடைச்சிருச்சு. ரத்தம் இல்லாம நரம்பு பட்டினியில சாகுது. எப்ப ஆரம்பிச்சது?"

"போன மாசம்" என்றேன்.

"என்கிட்ட எதுக்கும்மா பொய்? ஏழெட்டு மாசம் முன்னாடியே கை மரத்திருக்கும். அப்பவே வந்திருந்தா மருந்து குடுத்து நிறுத்தியிருக்கலாம். இனிமே போறத நிறுத்தலாம். போனது எவ்வளவு திரும்பும்னு என்னால சொல்ல முடியாது."

அவர் ஏழெட்டு என்றார். நான் படுத்துக்கொண்டே பின்னாலிருந்து எண்ணினேன். மார்ச், பிப்ரவரி, ஜனவரி. எட்டாவதாக வந்து நின்றது ஆகஸ்டு.

எரிமலையில் கை வைத்து நதியைப் படித்தவளை நீ பார்த்தாய். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு டிக் போட்டாய். ரத்தம் பட்ட தாளை மாற்றி வைத்தாயாம், என்ன கருணை! பிழையைக் கண்டால் சிவப்பு வட்டம் போடத்தானே உன்னை வைத்திருந்தார்கள்? என் விரலில் இருந்த பிழைக்கு ஏன் வட்டம் போடவில்லை? நான் மறைத்தேன், உண்மை. கண் இல்லாமல் பிறந்தவள் நான். அது போனது எனக்குத் தெரியாது, அதனால் அதற்காக அழுததும் இல்லை. இது எனக்குத் தெரியத் தெரிய ஒவ்வொரு விரலாகப் போகிறது. எவளாக இருந்தாலும் மறைப்பாள். நீ எதற்கு மறைத்தாய்? உன் விரலா போனது?

உன் கேள்விக்கு வருகிறேன். உன் வாயிலிருந்துதான் படித்தேன்.

நீ மூலத்தைப் பார்க்கும்போது முணுமுணுப்பாய். உனக்கே தெரியாது. உதடு அசைந்து காற்று வரும், அவ்வளவுதான், வேறு யாருக்கும் கேட்காது. எனக்குக் கேட்கும். பத்து வருஷம் அது எனக்கு எரிச்சல், அப்புறம் அதுவே ஊன்றுகோல் ஆகிவிட்டது. நீ அரைச் சொல் முன்னால் போவாய், நான் பின்னாலேயே வருவேன். தடவுகிற மாதிரி கையை ஓட்டிக்கொண்டிருப்பேன். எட்டு என்று சொன்னது நீ. நான் திருப்பிச் சொன்னேன். உன் குரலையே என் வாயில் கேட்டுவிட்டு நீ டிக் போட்டாய். அந்த மேஜையில் ஏழு மாதமாகத் தாளை யாருமே படிக்கவில்லை. படித்தவர்கள் அந்த முப்பத்தொரு பிள்ளைகள்தான். அவர்கள் ஐந்து என்று சரியாகப் படித்தார்கள். ஆனாலும் தங்கள் விரலைத்தான் முதலில் சந்தேகப்பட்டார்கள்.

ஆமாம், விசாரணையில் நான் சொன்னது பொய். இந்தக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு மேலாளரிடம் ஓடலாம் என்று நினைக்காதே. பிரெய்லில் யார் கை என்று எவனுக்கும் தெரியாது. நீயே குத்தியது என்று சொல்லிவிடுவேன்.

உன் இரண்டாம் கடிதத்தைப் படிக்க மூன்று நாள் ஆனது. இடது சுண்டுவிரல் ஒன்றில்தான் கொஞ்சம் உயிர் மிச்சம் இருக்கிறது. அதைப் போய் உனக்குச் செலவழித்தேன் பார்.

ரயில்


ஏப்ரல் 1

ரயில் அக்காவுக்கு,

நான் முணுமுணுக்கிறேனா என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். "இதென்ன இன்னைக்குப் புதுசா? நீ பேப்பர் படிச்சா எனக்குக் கண்ணாடியே தேவையில்லையே. அதான் இருபது வருஷமா வாங்கல" என்றார். சிரித்தார். நான் உள்ளே போய்க் கண்ணாடி முன்னால் நின்று ஒரு பக்கம் படித்துப் பார்த்தேன். உதடு அசைகிறது. வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் சொல்லாமல் இருந்தீர்களே, அது மட்டும் என்ன கருணை?

ஏன் கேட்கவில்லை என்கிறீர்கள். கேட்டேன். செருப்பு கழன்ற அன்று, "அக்கா, கால் மரத்துப்போச்சா?" என்று கேட்டேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "கண்ணு இருக்கறவங்களுக்கு எங்களப் பார்த்து உச்சுக் கொட்டறதுதான் பொழுதுபோக்கு." ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. தாளைப் படித்தீர்கள், மணி அடித்ததும் எழுந்து போனீர்கள். பத்தாம் நாள் நீங்களாகப் பேசியபோது, இனி இதைப் பற்றி வாயே திறக்கக்கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.

இது பாதி உண்மை. இதோடு நிறுத்திவிட்டால் நான் நல்லவளாகத் தெரிவேன், அதனால் மீதியையும் எழுதுகிறேன். உங்கள் விரல் போய்விட்டது என்று நான் சொன்னால் நம் ஜோடியைக் கலைத்துவிடுவார்கள். புது ஆளைப் பழக்க நேரமில்லை என்று என்னை, அச்சான புத்தகங்களைக் கட்டுக் கட்டும் பகுதிக்குத் தள்ளுவார்கள். சணலும் அட்டையும் தூசியும். எனக்கு அந்த மேஜை பிடித்திருந்தது. ஜன்னல் பக்க நாற்காலி, உங்கள் குரல், யாரும் வந்து தொந்தரவு செய்யாத எட்டு மணி நேரம். அதை விட மனமில்லை. அதனால் பார்த்தும் பார்க்காதவள் மாதிரி இருந்தேன். உங்கள் மேல் இருந்த அக்கறை என்று நான் கதை விடமாட்டேன்.

ஏழு மாதம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. அவ்வளவுதான் சொல்வேன். மன்னிப்புக் கேட்கமாட்டேன். நீங்கள் மேலாளர் முன்னால் பொய் சொல்லி என்னைத் தெருவில் நிறுத்தினீர்கள். முதலில் கேட்க வேண்டியவர் நீங்கள்.

ஒன்பதாம் தேதி காலை பத்து மணி. வருவீர்களா, மாட்டீர்களா?

முள்


ஏப்ரல் 11

முள்ளுக்கு,

வந்தேன். நீ வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். என் சக்கர நாற்காலி தாண்டும்போது உன் மூச்சு ஒரு நொடி நின்றது எனக்குக் கேட்டது. நீ பேசியிருக்கலாம். நானும்தான்.

உள்ளே நடந்ததை வேறு யாராவது கண், காது, மூக்கு வைத்து உனக்குச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

மேலாளரும் வெளியாட்கள் இரண்டு பேரும் குறிப்பெடுக்க ஒரு பெண்ணும் இருந்தார்கள். தாளில் என்ன இருந்தது என்றே எனக்குத் தெரியாது, அவள் முணுமுணுத்ததைத் திருப்பிச் சொன்னேன், போன தடவை பொய் சொன்னேன் என்றேன். அவர்கள் நம்பவில்லை. மேலாளர் பாசமாகப் பேச ஆரம்பித்தார். "நீங்க கூட வேலை செஞ்சவங்களக் காப்பாத்தப் பார்க்கறீங்க. உங்க விரலப் பத்தி இங்க தெரியாதவங்க யாரும்மா இருக்காங்க?" ஆஸ்பத்திரி அறிக்கையைக் கொடுத்தேன். "இது காலுக்குத்தானே?" என்றார். வாழ்நாள் முழுக்க நான் ஏங்கிய புகழ்ச்சி அது. நான் குற்றவாளிதான் என்று அவரிடம் கெஞ்ச வேண்டிய நேரத்தில் வந்து சேர்ந்தது.

"புள்ளி அடிச்ச தாள் ஒண்ணு, வெறும் தாள் ஒண்ணு குடுங்க" என்றேன்.

மேஜையில் வைத்தார்கள். இரண்டையும் தடவினேன். உள்ளங்கையால் தடவினேன், விரல்களால் தடவினேன், அந்தச் சுண்டுவிரலாலும் தடவினேன். தோற்றுக் காட்டத்தான் போயிருந்தேன். ஆனாலும் தாளைத் தொட்டதும் எப்படியாவது கண்டுபிடித்துவிட மாட்டேனா என்று ஒரு நப்பாசை வந்துவிட்டது. அதை உனக்கு எப்படிச் சொல்வது? உன் வழக்கு தோற்றாலும் பரவாயில்லை, அந்த ஒரு நொடி என் விரல் எனக்குத் திரும்பி வந்தால் போதும் என்று இருந்தது. வெகு நேரம் தடவிவிட்டு, "இதுல எழுத்து இருக்கு" என்று இடது பக்கத் தாளைக் காட்டினேன்.

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பெண் மூக்கை உறிஞ்சினாள். நான் காட்டியது வெறும் தாள் என்று அதில்தான் தெரிந்தது.

நான் நடிக்கிறேன் என்று மேலாளர் நினைத்திருக்கலாம். நினைக்கவில்லை. என் முகத்தைப் பார்த்திருப்பார். முகத்தை எப்படி மறைப்பது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

கடைசியாக ஒன்று கேட்டார். "உங்க விரல் போனது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

நன்றி சொல்லிக் கடிதம் எழுதாதே. உன் மேல் இரக்கப்பட்டு நான் அதைச் சொல்லவில்லை. நீ போய் உன் ஜன்னல் நாற்காலியில் உட்காரு. நான் சொன்ன பொய்யின் மேல் தினமும் எட்டு மணி நேரம் உட்காரு. புது ஆள் எதிரில் உட்கார்ந்து படிக்கும்போதெல்லாம், ஆகஸ்டில் நீ மூடிக்கொண்ட வாய் உனக்கு நினைவுக்கு வரட்டும். உனக்கு இதைவிடப் பெரிய தண்டனை எனக்குத் தோன்றவில்லை.

நான் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை வைத்தார்கள். மை பட்டதுகூடத் தெரியவில்லை.

ரயில்


ஏப்ரல் 18

ரயில் அக்காவுக்கு,

உத்தரவு வந்தது. கவனக்குறைவு என்ற சொல்லை அடித்துவிட்டார்கள். பதினைந்தாம் தேதி வேலைக்கு வரச் சொன்னார்கள். போனேன். நேராக மேலாளர் அறைக்குப் போய் ஒரு தாளைக் கொடுத்தேன். அதில் நான் எழுதியது இவ்வளவுதான்: "அவருடைய விரலில் உணர்ச்சி இல்லை என்பது ஆகஸ்டு முதல் எனக்குத் தெரியும். தெரிந்தே கையெழுத்துப் போட்டேன். அவர் உங்களிடம் தெரியாது என்று சொன்னது பொய்."

மேலாளர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "உங்க ரெண்டு பேருக்கும் பைத்தியமா? நல்லா முடிஞ்ச விஷயத்தை ஏன் கிளறறீங்க?" என்றார். கடைசியில் வேலையை விட்டு நீக்கவில்லை. கட்டுக் கட்டும் பகுதிக்கு மாற்றிவிட்டார். இனி எதற்கும் என் கையெழுத்துச் செல்லாது. மூன்று நாளாகச் சணல் இழுத்து உள்ளங்கை தோல் உரிந்திருக்கிறது. எனக்கு நன்றாக வலிக்கிறது. வலிக்கும்போதெல்லாம் உங்களை நினைத்துக்கொள்கிறேன், கோபமாகத்தான்.

என் தண்டனையை நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். உங்கள் பொய்யின் மேல் உட்கார நான் ஆளில்லை.

உங்கள் தம்பி மனைவியை வழியில் பார்த்தேன். இடது சுண்டுவிரலும் போய்விட்டதாம். அப்படியானால் இந்தக் கடிதத்தை உங்களால் படிக்க முடியாது. தெரிந்தேதான் பிரெய்லில் குத்துகிறேன். நான் எழுதியதை வேறொருத்தி தன் குரலில் உங்களுக்குப் படித்துக் காட்டுவதை என்னால் தாங்க முடியாது. படிக்க முடியாவிட்டால் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

பார்க்க வரமாட்டேன்.

முள்


மே 2

முள்ளுக்கு,

படித்தேன்.

நான் படித்த பள்ளியில் ஓர் ஆசிரியை இருந்தார். ஒரு விபத்தில் கண்ணும் இரண்டு கையும் போனவர். புத்தகத்தை முகத்துக்கு நேராக நிறுத்தி உதட்டால் படிப்பார். "டீச்சர் புஸ்தகத்துக்கு முத்தம் குடுக்கறாங்க" என்று பிள்ளைகள் சிரிப்போம். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்.

உன் கடிதம் வந்த அன்று கதவைச் சாத்திக்கொண்டு தாளை வாயருகே கொண்டுபோனேன். முதல் நாள் ஒன்றுமே புரியவில்லை, மணலில் வாய் வைத்த மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் என் பட்டப்பெயர் கிடைத்தது. ஐந்தாம் நாள் ஒரு முழு வரி. தம்பி மனைவி கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் மூடிக்கொண்டு போனாள். என்ன நினைத்தாளோ. ஒரு வரியில் இரண்டு எழுத்து, ஒரு பெருமூச்சு, இரண்டு எழுத்து என்று பத்து நாளில் முடித்தேன். ஊரில் எவளும் தன்னைத் திட்டிய கடிதத்தை இப்படிப் படித்திருக்கமாட்டாள்.

நீ செய்தது வடிகட்டிய முட்டாள்தனம். நான் கஷ்டப்பட்டுச் சொன்ன ஒரு பொய்யை மூன்று வரியில் வீணாக்கிவிட்டாய். உன்னை நான் மன்னிக்கவில்லை. மருந்து ஏற்றுகிறார்கள், பாதம் கொஞ்சம் அசைகிறது, விரல்கள் அப்படியேதான் இருக்கின்றன. ஏழு மாதம் ஏழு மாதம்தான். நீயும் என்னை மன்னிக்க வேண்டாம், அதைக் கேட்டு இதை எழுதவில்லை.

எழுதக் காரணம் வேறு. இந்த நோய்க்காரர்களுக்கு உதட்டில் புண் வரும், எனக்கும் வந்திருக்கிறது. நீ குத்துகிற தாள் மெலிசு. இரண்டு தடவை உதடு பட்டதும் புள்ளி அமுங்கிவிடுகிறது, மூன்றாம் தடவை அழுத்தினால் எரிகிறது. கடைசித் தாளில் வரமாட்டேன் என்று இருக்கிறதா வருவேன் என்று இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவே ஒரு நாள் ஆனது. கட்டுக் கட்டும் இடத்தில் தடித்த அட்டைத் தாள் கிடக்குமே, இனி என்னைத் திட்டுவதானால் அதில் குத்து. வரிக்கு வரி இடம் விட்டு, அழுத்திக் குத்து. ஒரு சொல்லும் எனக்குத் தப்பக் கூடாது.

ரயில்